இடப்பக்கக் காலடி

பல் செட் செய்து கொடுக்கும் ஒரு சின்ன லேபில் பதினைந்து வருடமாக வேலை பார்க்கிற பெண் அவள். பகலெல்லாம் யார் யாருடைய வாய்க்கோ பல் செதுக்குவாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, ஒரு டீயைப் போட்டுக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தால் ஆளைச் சுடுவாள்.

விளையாட்டைப் பழக்கிவிட்டவன் அவளுடைய தம்பி. அவன் வேறு ஊரில் இருக்கிறான். அவனும் அவன் மனைவியும் இவளும் ஒரே அணி. இடிந்துபோன கட்டடம் ஒன்றுக்குள் நுழைய வேண்டும். எதிரணி ஆட்கள் உள்ளே எங்கோ ஒளிந்திருப்பார்கள். காலடிச் சத்தத்தை வைத்து எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்கள் சுடுவதற்குள் நாம் சுட்டுவிட வேண்டும். அதில் அவள் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘கடைவாய்ப்பல்’. குறி தப்பவே தப்பாது. மயிரிழை கனத்துக்கு மெழுகு சீவிப் பழகிய கை. ஆனால் ஆட்டத்துக்கு ஆட்டம் முதலில் சாகிறவளும் அவள்தான்.

“அக்கா, இடப்பக்கம்! இடப்பக்கம் வரான்!” என்று தம்பி கத்துவான். அவள் திரும்புவதற்குள் கதை முடிந்திருக்கும்.

“காதுல பஞ்சு வச்சிருக்கியா?”

“ஹெட்போன் சரியில்லடா. இடது பக்கம் சத்தமே வரமாட்டேங்குது.”

“போன மாசம்தானே புதுசு வாங்கினே?”

“அதுவும் சரியில்ல.”

“ஆடத் தெரியாதவங்களுக்குக் கூடம் கோணலாம், அண்ணி” என்று தம்பி மனைவி நடுவில் புகுந்து சொல்வாள். இவளும் சேர்ந்து சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குத் தயாராவாள்.

அவள் கணவர் தொலைதூரப் பேருந்து ஓட்டுநர். வாரத்தில் நாலு நாள் சாலையில், மூன்று நாள் வீட்டில். வீட்டில் இருக்கிற நாட்களில் காலையில் அந்தக் கணினி அவருடையது. பாட்டுக் கேட்பார். அதோடு வந்த இரண்டு பிளாஸ்டிக் ஸ்பீக்கர்களும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போலப் பாடும். அதையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மெல்லப் பேசுகிற மனிதர். இத்தனை வருடம் சாலையில் ஓட்டியும் யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதில்லை என்று டிப்போவில் பேர்.

கணவன் மனைவிக்குள் சண்டை எதுவும் கிடையாது. பேச்சும் அவ்வளவாகக் கிடையாது. சேர்ந்து சாப்பிடுவார்கள், ‘தண்ணி வேணுமா’, ‘மின்சார ஆபீஸ்ல இருந்து வந்தாங்களா’ என்று ஒன்றிரண்டு வார்த்தை. வயதானால் ஆண்கள் இப்படித்தான் ஆகிவிடுவார்கள் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஹெட்போனை மாட்டினால் தம்பி குரலும் அவன் மனைவி குரலும் கலகலவென்று கேட்கும். அதற்காகவே பாதி நாள் விளையாட உட்கார்ந்தாள்.

ஒரு வியாழக்கிழமை இரண்டு ஸ்பீக்கரில் ஒன்று உஸ்ஸென்று இரைய ஆரம்பித்து, அப்படியே ஓய்ந்துவிட்டது. சனிக்கிழமை இருவரும் கடைக்குக் கிளம்பினார்கள். அவருக்கு மரப்பெட்டி ஸ்பீக்கர் இரண்டு வேண்டும். அவளுக்கு இடது பக்கம் ஒழுங்காகக் கேட்கிற ஹெட்போன் வேண்டும்.

கடை ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. தரையில் கனமான விரிப்பு, சுவரெல்லாம் தடித்த துணி. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தியதும் தெருச் சத்தம் மொத்தமும் அறுந்து விழுந்தது. கடைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். யார் வந்து எந்தக் கருவியின் சத்தத்தைக் கூட்டினாலும் “மெதுவா, மெதுவா” என்பார். அதனால் அந்த வட்டாரத்தில் அவருக்கு ‘மெதுவா’ என்றே பெயராகிவிட்டது. சத்தம் விற்கிறவருக்கு இப்படி ஒரு பெயர்.

“பாட்டுக்கா, விளையாட்டுக்கா?” என்று கேட்டார் மெதுவா.

“பாட்டுக்கு” என்றார் கணவர்.

“விளையாட்டுக்கு” என்றாள் அவள், அதே நேரத்தில்.

மெதுவா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரே கம்ப்யூட்டரா? சரி. ஸ்பீக்கரை அப்புறம் பாக்கலாம். அக்கா, நீங்க முதல்ல உக்காருங்க.”

சுவரைப் பார்த்துப் போட்டிருந்த ஒரு முக்காலியில் அவளை உட்காரவைத்து ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டார். “இதுல ஒருத்தன் உங்களைச் சுத்தி நடப்பான். அவன் எங்க போறானோ அங்க விரலைக் காட்டிக்கிட்டே வாங்க. கண்ணை மூடிக்கோங்க.”

அவள் கண்ணை மூடினாள். சரளைக்கல்லில் நடக்கிற சத்தம் முன்னாலிருந்து கிளம்பி வலப்பக்கம் போனது. விரல் கூடவே போனது. முதுகுப் பக்கம் போனதும் கட்டைவிரலை வளைத்துப் பின்னால் காட்டினாள். அதற்கப்புறம் அவன் நடந்ததாகத் தெரியவில்லை. விரல் அந்தரத்தில் நின்றது. சற்றுப் பொறுத்து மறுபடி முன்னால் காலடி கேட்டது.

“நடுவுல நின்னுட்டான்” என்றாள்.

“ஆமாவா? சரி, இது வேணாம். இன்னொண்ணு போடறேன்.”

இரண்டாவது ஹெட்போனிலும் அவன் அங்கேயே நின்றான். “உங்க கடையிலயும் இதே கதைதானா?” என்று அவள் சிரித்தாள்.

மெதுவா சிரிக்கவில்லை. அதே ஹெட்போனைக் கழற்றி, துடைக்கிறவர் போலத் துடைத்து, இடது வலதை மாற்றி மாட்டினார். கருவியில் கோளாறு என்றால் கோளாறும் கூடவே வலப்பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்தத் தடவையும் வலது காதில் விழுந்ததை எல்லாம் சரியாகச் சொன்னாள். காலடி இடது காதுக்குப் போன நேரமெல்லாம் விரல் அந்தரத்தில் நின்றது.

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். “அக்கா, இன்னிக்கு எதுவும் வாங்காதீங்க.”

“ஏன்? அதுவும் சரியில்லையா?”

“நல்ல ஹெட்போன்தான். ரெண்டு தடவையும் ஒழுங்கா வேலை செஞ்சுது. காது டாக்டரை ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. ஒண்ணும் இல்லாமக்கூட இருக்கலாம், அழுக்கு அடைச்சிருக்கும். பாத்துட்டு வந்தப்புறம் வாங்கிக்கலாம். கடை எங்கயும் போகாது.”

அவளுக்குச் சுருக்கென்றது. வியாபாரம் வேண்டாம் என்று சொல்கிற கடைக்காரரிடம் கோபப்படவும் முடியவில்லை. படியில் இறங்கும்போது, “எனக்குக் காது கேக்காதாமே” என்றாள். கணவர் ஏதோ சொன்னார். கீழே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. என்ன என்று அவள் கேட்கவில்லை.

காது பரிசோதிக்கிற அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருந்தது. கண்ணாடிச் சன்னலுக்கு அந்தப்பக்கம் டாக்டரம்மா உட்கார்ந்திருந்தார். ‘பீப்’ என்று கேட்டால் கையிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்தி அழுத்திக் கட்டைவிரல் வலித்தது. இடது காதுக்கு வந்ததும் விரலுக்கு நல்ல ஓய்வு கிடைத்தது. சத்தத்தை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்த பிறகுதான் அது எப்போதோ ஆரம்பித்துவிட்டது என்று புரிந்தது.

ஒரு பக்கம் மட்டும் குறைந்திருப்பதால் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்ததும் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்து ஒரு தாளைக் காட்டினார். வலது காதின் கோடு சமதரையில் நடந்து போனது. இடது காதின் கோடு பாதி தூரம் அப்படியே போய், பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

“வேலை என்ன?”

சொன்னாள். பல்லை ராவும்போது பறக்கிற தூசியை உறிஞ்ச ஒரு மோட்டார் உண்டு. அது அவள் மேசைக்கு அடியில், இடப்பக்கம் இருக்கிறது. பதினைந்து வருடமாக.

“அதுதான். நரம்புல பட்ட அடி, திரும்பி வராது. ஆனா மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தலாம். அந்தப் பக்கம் கனமான சத்தம் விழும், மெல்லிசானது நழுவிடும். காலடி, பறவை, மெதுவாப் பேசற பேச்சு இதெல்லாம்.” டாக்டரம்மா பேனாவை மூடினார். “வீட்ல யாராவது ‘நான் சொன்னது காதுல விழலையா’ன்னு அடிக்கடி கேப்பாங்களா?”

“இல்லையே. வீட்ல நாங்க ரெண்டே பேர். இவர் பேசவே மாட்டார்.”

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி ஓட்டுகிற மனிதர், வீடு திரும்பும் வழியில் சிக்னல் பச்சையான பிறகும் ஸ்கூட்டரை நிறுத்தியே வைத்திருந்தார். பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, அவர் தன் வழக்கமான நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். அது அவளுடைய இடப்பக்கத்து நாற்காலி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதுதான் அவர் இடம். அதை விட்டுவிட்டு எதிரே போய் உட்கார்ந்தார்.

“மூணு வருஷம் முன்னாடி ஒரு விஷயம் கேட்டேன்” என்றார். “இந்த மேசையிலதான்.”

“என்ன கேட்டீங்க?”

“டிப்போல உள்ளூர் ரூட் ஒண்ணு காலியா இருந்துச்சு. காலைல போனா சாயங்காலம் வீட்டுக்கு வந்துடலாம். எழுதிக் குடுக்கட்டுமான்னு கேட்டேன்.”

“எங்கிட்டயா?”

“வேற யார்கிட்ட?”

“நான் என்ன சொன்னேன்?”

“ஒண்ணும் சொல்லல. தட்டை எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டே.” அவர் தண்ணீர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே இருந்தார். “நான் வீட்ல இல்லாததுதான் உனக்கு வசதி போலன்னு நெனச்சேன். அதுக்கப்புறமும் ஒண்ணு ரெண்டு சொல்லிப் பார்த்தேன். நீ பாட்டுக்கு இருந்தே. சரி, பிடிக்கல போலன்னு விட்டுட்டேன்.”

அவள் கையைச் சோற்றில் வைத்தபடியே இருந்தாள். அழுகைதான் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். வந்தது கோபம்.

“பதில் வரலைன்னா இன்னொரு தடவை கேக்க மாட்டீங்களா? ரோட்ல ஒருத்தன் குறுக்க வந்தா ஒரே ஒரு ஹாரன் அடிச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துருவீங்களா?”

“அது ரோடு.”

“நான் ரோட்டை விடக் கேவலமா? மூணு வருஷம்! வாரத்துல நாலு நாள் நான் இந்தச் சுவரையும் கம்ப்யூட்டரையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். உங்களுக்கு ரோடுதான் பிடிச்சிருக்குன்னு நான் நெனச்சிக்கிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா...”

முடிக்க முடியாமல் எழுந்து போய்க் கையைக் கழுவினாள். குழாயை நிறுத்திய பிறகும் அங்கேயே நின்றாள். அவர் பின்னாலேயே வந்து, யோசித்து, வலப்பக்கமாக நின்றார்.

“இப்ப கேக்கறேன். எழுதிக் குடுக்கட்டுமா?”

“இன்னும் சத்தமாக் கேளுங்க.”

“எழுதிக் குடுக்கட்டுமா?” அந்த மனிதர் அவ்வளவு சத்தமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு சன்னல் திறந்தது.

“குடுங்க” என்றாள். ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் லேபில் அந்தத் தாளைக் கொண்டுபோய் முதலாளி மேசையில் வைத்தாள். மோட்டாரைச் சுவருக்கு வெளியே மாற்றி, குழாயை மட்டும் உள்ளே விடச் சொன்னாள்.

“இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே?” என்றார் முதலாளி.

“எனக்கு ஆகியிருக்கே சார்.”

“ஆங்?”

“எனக்கு ஆகியிருக்குன்னேன்.”

“ஆங்?”

அறையில் இருந்த மூன்று பேரும் குனிந்துகொண்டு பல் ராவினார்கள். சிரிப்பு வந்துவிடக் கூடாதே என்று. முதலாளி தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். அதில் அந்தப் பள்ளத்தைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தன் காதுக்குப் போனது. ஒரு வாரத்தில் மோட்டார் வெளியே போய்விட்டது. எல்லோருக்கும் காதில் மாட்டிக்கொள்ள மூடி வந்தது. முதலாளியும் பரிசோதனைக்குப் போய்வந்தார்; என்ன சொன்னார்கள் என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுபடி கடைக்குப் போனபோது மெதுவா அந்தத் தாளை வாங்கி, டாக்டரம்மா பார்த்ததை விட அதிக நேரம் பார்த்தார்.

“அண்ணே, உங்க மரப்பெட்டி ஸ்பீக்கர் பிரச்சினையே இல்ல. அறையில சத்தம் பரவும். ரெண்டு காதும் பங்கு போட்டுக்கும். அக்காவுக்கும் பாட்டு முழுசாக் கேக்கும். மூலையில மட்டும் ஒட்டி வைக்காதீங்க, பொத்துப் பொத்துன்னு அடிக்கும். காது மட்டத்துக்கு உயர்த்தி வைங்க.”

“அந்தப் பெரிய பேஸ் பெட்டி?” கணவர் மூலையிலிருந்த, கனத்த சத்தத்துக்கான கறுப்புப் பெட்டியைக் காட்டினார். கண்ணில் ஆசை.

“உங்க அறை எவ்வளவு பெருசு?”

சொன்னார்.

“அந்த அறைக்கு இது யானையைக் குளியலறையில கட்டற மாதிரி. வேணாம்.” பிறகு அவள் பக்கம் திரும்பினார். “ஹெட்போன்லதான் கொஞ்சம் வேலை இருக்கு. அது இடதை இடதுக்கும் வலதை வலதுக்கும் தனித்தனியாக் குடுக்கும். அதனாலதான் உங்களுக்கு நழுவுது. இந்தச் சின்னப் பெட்டியைக் கம்ப்யூட்டருக்கும் ஹெட்போனுக்கும் நடுவுல மாட்டினா, ஒவ்வொரு காதுக்கும் தனியா, எந்தச் சத்தம் குறையுதோ அதை மட்டும் கொஞ்சம் தூக்கலாம். கொஞ்சம்தான். டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது.”

மூன்று ஹெட்போன்களை அடுக்கிவைத்தார். முதலாவது காதை இறுக்கி மூடியது. தலைக்குள் கதவைச் சாத்தியது போல இருந்தது. இரண்டாவது கனம். மூன்றாவதன் வெளிப்பக்கம் வலை போலத் திறந்திருந்தது, மாட்டியதே தெரியவில்லை. சத்தம் தலைக்குள் முட்டாமல் சுற்றிலும் விரிந்து நின்றது. அதை மாட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். மெதுவா ஒரு திருகைத் திருகிக்கொண்டே போனார். சரளைக்கல்லில் நடக்கிறவன் முதுகுப் பக்கம் போனான். பிறகு, தூரத்தில், கிசுகிசுப்பது போல, இடப்பக்கம் ஒரு அடி. இன்னொரு அடி.

“இருக்கான்” என்றாள் கண்ணைத் திறக்காமல். “ஓரத்துல பூனை மாதிரி போறான்.”

“யானை மாதிரி வரவைக்க முடியாது அக்கா. பூனையாத்தான் வருவான். அது போதலைன்னா, சத்தம் எந்தப் பக்கம்னு திரையிலயே அம்புக்குறி காட்டற வசதி அந்த விளையாட்டுல இருக்கும்.”

“அது காப்பியடிக்கற மாதிரி.”

“நான் மூக்குக் கண்ணாடி போட்டிருக்கேனே, இதுவும் காப்பியா?”

அவள் அவர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தாள். ஆனாலும் வேண்டாம் என்றுவிட்டாள்.

வலை போல இருந்த ஹெட்போனை ஏன் எடுத்தாள் என்று கணவர் திரும்பும் வழியில் கேட்டார். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

“அதை மாட்டியிருந்தாலும் வெளிச் சத்தம் கேக்குது. நீங்க கூப்பிட்டா தெரியும்.”

ஸ்பீக்கரை உயர்த்திவைக்க அவள் லேபில் பிளாஸ்டர் கரைத்து இரண்டு கட்டைகள் வார்த்தாள். முன்பக்கம் கொஞ்சம் தூக்கலாக, உட்காருகிறவர் காதைப் பார்க்கிற மாதிரி. பல் அச்சு போலவே வழவழவென்று தேய்த்துக் கொண்டுவந்திருந்தாள். கணவர் அதன்மேல் மரப்பெட்டிகளை வைத்து, தள்ளிப்போய்ப் பார்த்து, மறுபடி வந்து ஒரு விரற்கடை நகர்த்தி, இப்படியே ஒரு காலைப் பொழுதை ஓட்டினார். பிறகு பாட்டைப் போட்டார். சமையலறையிலிருந்து அவள் வந்து கதவோரம் நின்றாள். கூழாங்கல் சத்தம் போயே போய்விட்டது. பாடுகிறவர் மூச்சு வாங்குவது கேட்டது.

அன்று சாயங்காலம் தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி மனைவி, “அண்ணி, நான் கூடம் கோணல்னு எல்லாம்...” என்று இழுத்தாள்.

“விடும்மா. இனிமே நான் இடது சுவரை ஒட்டியே போறேன். சுவருக்குள்ள இருந்து எவனும் சுட மாட்டான். வலது பக்கம் எத்தனை பேர் வந்தாலும் நான் பாத்துக்கறேன்.”

அந்த வாரம் பத்து ஆட்டத்தில் நாலில் ஜெயித்தார்கள். மூன்றில் கடைசிவரை உயிரோடு நின்றவள் கடைவாய்ப்பல். இரண்டு வாரம் கழித்து யாருக்கும் சொல்லாமல் அம்புக்குறியையும் போட்டுக்கொண்டாள்.

டிப்போவிலிருந்து உடனே பதில் வரவில்லை. முன்னே மூன்று பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஏழு மாதம் ஆனது. அதற்குள் அவர் சாலையிலிருந்து தினமும் போன் செய்யப் பழகியிருந்தார். சொன்னது கேட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வார். உள்ளூர் ரூட் கிடைத்த செய்தியையும் அப்படித்தான் சொன்னார். அவள் லேபில் இருந்தாள். கையில் மெழுகு. “கேட்டுச்சு, கேட்டுச்சு” என்றாள் இரண்டு தடவை.

இப்போது அவர் தினமும் ஆறு மணிக்கு வந்துவிடுகிறார். வந்ததும் அவருக்குப் பாட்டுக் கேட்க வேண்டும். ஆறு மணிக்குத்தான் தம்பியும் ஆட்டத்துக்குக் கூப்பிடுகிறான். கணினி ஒன்றுதான். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் இல்லாத சண்டை எல்லாம் இப்போது அந்த வீட்டில் நடக்கிறது.

“ஒரு ஆட்டம்தான், இதோ முடிஞ்சுது.”

“நேத்தும் இதையேதான் சொன்னே.”

“நேத்து நான் அப்படிச் சொல்லல.”

“சொன்னே. என் காது நல்லாத்தான் இருக்கு” என்று அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஆட்டம் எப்போது முடியும் என்று திரையைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.